பசுவின் மேல் விழுந்த பழி

போன பிப்ரவரியில் ஒரு நாள், பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "தாத்தா, இன்னிக்குப் பூச்சி மாத்திரை குடுத்தாங்க. மிட்டாய் மாதிரி இருந்துச்சு, சப்பிச் சாப்பிட்டேன்" என்றாள். அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் அரை மாத்திரை. 2015 பிப்ரவரி 10-ஆம் தேதி தேசிய குடற்புழு நீக்க நாள் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆய்வக நுட்பனர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றதும் அந்த வருஷம்தான்.

எங்கள் காலத்துப் பூச்சி மருந்து மிட்டாய் மாதிரி இருக்கவில்லை. விருத்தாசலத்தில் என் வயதை ஒத்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, மூக்கைப் பிடித்து, வாயைத் திறக்க வைத்து ஒரு சங்கு விளக்கெண்ணெய். அதற்கு முந்தின மூன்று நாளும் வேப்பங்கொழுந்து உருண்டை, இல்லாவிட்டால் வாய்விளங்கத்தூள், சில வீடுகளில் குப்பைமேனிச் சாறு. மத்தியானம் வெறும் ரசம் சாதம். சாயங்காலம் பையன்கள் கூடி யாருக்கு எத்தனை விழுந்தது என்று கணக்குச் சொல்வோம். அதில் ஒரு பெருமையும் உண்டு.

நீளமாக, மண்புழு போல வெளுத்து வருவது நாக்குப்பூச்சி. நூல் துண்டு மாதிரி ராத்திரியில் அரிப்பது கீரிப்பூச்சி. பட்டையாகத் துண்டு துண்டாக வருவது நாடாப்புழு. கண்ணுக்குத் தெரிந்ததற்கெல்லாம் ஊரார் பேர் வைத்துவிட்டார்கள். கொக்கிப்புழுவுக்கு மட்டும் எங்கள் பக்கம் பேர் கிடையாது. அது ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். குடலைக் கவ்விக்கொண்டு உள்ளேயே இருந்து ரத்தத்தை உறிஞ்சும், எளிதில் வெளியே வராது. அதன் வேலை மட்டும்தான் வெளியே தெரியும்: வெளிறிப்போன பிள்ளை, ஊதின முகம், மண் தின்னும் ஆசை.

மண் தின்கிற விஷயத்தில் எங்கள் ஊருக்குத் தனிச் சிறப்பு உண்டு. செராமிக் தொழிற்பேட்டை இருக்கிற ஊர். என் மாமா அங்கே ஒரு சிறு சூளையில் பொம்மை வார்ப்பவராக இருந்தார். சட்டையெல்லாம் வெள்ளைக் களிமண் காய்ந்து ஒட்டியிருக்கும். தெருப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் அவர் வருகிற நேரம் பார்த்து நின்று, சைக்கிள் கேரியரில் ஒட்டிய களித்துண்டுகளைச் சுரண்டித் தின்பார்கள். அடி வாங்குவார்கள். மறுநாளும் வந்து நிற்பார்கள். சோகை பிடித்த பிள்ளைக்கு மண் மேல் ஆசை வரும், அடித்துத் திருத்த முடியாது என்று எனக்குத் தெரிந்தது பதினைந்து வருஷம் கழித்து, வேலைக்குப் போன பிறகு.

1980-இல் வேலையில் சேர்ந்தேன். தென்னாற்காடு மாவட்டம் அப்போது பெரிசு, இரண்டாகப் பிரிந்தது 1993-இல். எங்கெங்கோ மாற்றினார்கள். எங்கே போனாலும் மேஜை ஒன்றுதான்: ஒரு மைக்ரோஸ்கோப், கண்ணாடித் தகடுகள், உப்புத் தண்ணீர், அயோடின், காசநோய்ச் சளி பார்க்கச் சிவப்புச் சாயப் புட்டி. மலப் பரிசோதனைக்குக் குச்சி நுனியளவு எடுத்து உப்புத் தண்ணீரில் கரைத்து லென்ஸுக்கடியில் வைப்போம். நாக்குப்பூச்சி முட்டை மேடு பள்ளமாகப் பழுப்பாக இருக்கும். கொக்கிப்புழு முட்டை மெல்லிய ஓட்டுக்குள் நாலைந்து உருண்டைகளோடு, பார்க்க அழகாகவே இருக்கும். எதுவும் இல்லாவிட்டால் "முட்டை, சிஸ்ட் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தைந்து வருஷத்தில் இந்த வரியை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேனோ. அதில் எத்தனை பொய் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொக்கிப்புழு. 1838-இல் மிலான் நகரத்தில் ஒரு பிணப் பரிசோதனையில் அதைப் பார்த்தவர் ஆஞ்செலோ தூபினி. அது உடம்புக்குள் எப்படி நுழைகிறது என்பது மட்டும் அறுபது வருஷம் யாருக்கும் புரியவில்லை. வாய் வழியாக என்றே நினைத்திருந்தார்கள். 1898-இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர் புழுக்குஞ்சுகள் உள்ள தண்ணீரைக் கை தவறித் தன் கையிலேயே சிந்திக்கொண்டார். அந்த இடம் எரிந்து சிவந்தது. சில மாதம் கழித்து அவர் மலத்திலேயே முட்டைகள். வெறுங்காலோடு நடந்தால் போதும், காலைத் துளைத்து ஏறிவிடும் என்று அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள முந்திரித் தோப்புச் செம்மண்ணில் செருப்பில்லாமல் ஓடி வளர்ந்த எனக்கு, பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது உள்ளங்கால் அரித்தது நிஜம்.

அதே லூஸ் 1911-இல் இன்னொரு கொக்கிப்புழுவை விவரித்தார். இலங்கையில் ஒரு புனுகுப்பூனையின் குடலிலிருந்து எடுத்தது. அதனால் பேர் அன்கிலோஸ்டோமா சிலானிகம். மிருகங்களின் புழுவாயிற்றே என்று விட்டிருந்தால், இரண்டே வருஷத்தில் கிளேட்டன் லேன் என்ற மருத்துவ அதிகாரி வங்காளத்தில் மனிதர்களிடம் அதைக் கண்டார். அப்புறம் அதைப் பிரேசில் நாட்டு இனம் ஒன்றோடு சேர்த்து ஒன்றே என்று குழப்பி, 1951-இல் பியோக்கா என்பவர் மறுபடி பிரித்தார். புழுவின் பல்லைப் பார்த்தே இத்தனை சண்டை. முட்டையைப் பார்த்துச் சொல்லவே முடியாது. எல்லா இனத்து முட்டையும் ஒரே அச்சு.

நம் ஜனங்களுக்கும் இந்தப் புழுவுக்கும் நடுவே ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் சோகையில் வீழ்ந்தார்கள். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916-இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது, 1920-களில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மண்டபம் முகாமில் கப்பல் ஏறக் காத்திருந்தவர்களுக்கு அம்மைப்பாலோடு கொக்கிப்புழு மருந்தும் கொடுத்தார்கள். அந்தக் கால மருந்துகளில் ஒன்று தைமால், நம் ஓமத்திலிருந்து எடுப்பதுதான். இன்னொன்று கீனோபோடியம் எண்ணெய், அளவு கொஞ்சம் கூடினால் ஆளையே முடித்துவிடும். பிள்ளைக்கு வேலை செய்யத் தெம்பு வேண்டுமே என்ற கரிசனத்தில் தோட்டத் துரையின் கணக்கும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மருந்து சாப்பிட்டவன் திரும்பவும் அதே கொழுந்துப் பாத்தியில் வெறுங்காலோடு நின்றான்.

நான் ஓய்வு பெற்ற மறு வருஷம், வேலூர் சி.எம்.சி. ஆராய்ச்சியாளர்கள் ஜவ்வாது மலை மலைவாழ் மக்களிடமும், அங்குள்ள நாய்களிடமும், மண்ணிலும் எடுத்த கொக்கிப்புழு மாதிரிகளின் மரபணுவைப் பிரித்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனிதர்களிடம் இருந்தது பெரும்பாலும் நெக்கேட்டர் அமெரிக்கானஸ். ஸ்டைல்ஸ் என்ற அமெரிக்கர் 'அமெரிக்கக் கொலைகாரன்' என்ற அர்த்தத்தில் வைத்த பேர் அது. நாய்ப்புழுவின் மரபணு மனிதர் சிலரிடமும் இருந்தது. மனிதப் புழுவினுடையது நாய்கள் சிலவற்றிலும் இருந்தது. நான் பார்த்த முட்டைகளில் எது மனிதப் புழு, எது நாய்ப்புழு? எல்லாவற்றுக்கும் 'கொக்கிப்புழு முட்டை, ஒரு ப்ளஸ்' என்று எழுதியாகிவிட்டது.

இதைப் புரியவைக்க மாமாவின் பொம்மைகள்தான் உதவும். கொலுவுக்கு முந்தின மாதங்களில் ஒரே பிள்ளையார் நூறு நூறாகச் சூளையிலிருந்து வரும். நமக்கு நூறும் ஒன்று. மாமா ஒன்றை எடுத்துத் திருப்பி, தும்பிக்கைக்குக் கீழே ஒரு மயிரிழைத் தழும்பைத் தடவி, "இது மூணாம் நம்பர் அச்சு, இந்த அச்சு உதட்டோரம் உடைஞ்சிருக்கு" என்பார். எந்த வாரம், யார் வார்த்தது என்பது வரை சொல்வார். மரபணு ஆய்வு செய்கிற வேலை இதுதான். ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டை எடுத்து, கோடிக்கணக்கில் பெருக்கி, அதில் உள்ள தழும்பைப் படிக்கிறார்கள். முகம் பார்த்துச் சொல்ல முடியாததைத் தழும்பு சொல்லிவிடும்.

இனி, என் வீட்டுக் கதை.

1966 கோடையில் என் தம்பி இறந்தான். ஒன்றரை வயது. எனக்கு ஒன்பது. ஆறு நாள் பேதி. இறந்த மறுவாரமே, இரண்டு வீடு தள்ளி இருந்த பால்காரப் பெரியம்மாவோடு அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். தம்பிக்குக் கொடுத்தது அவர்கள் வீட்டுப் பசும்பால். அந்தச் சமயத்தில் அந்தப் பசுவின் கன்று கழிந்துகொண்டிருந்தது. "கன்னு கழியறது தெரிஞ்சும் எனக்குப் பால ஊத்தினா" என்பாள். அப்பா சமாதானம் சொன்னார், மாமா சொன்னார். அம்மா 1998-இல் போய்ச்சேர்ந்தாள். கடைசி வரைக்கும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

வேலையில் சேர்ந்து முதல் வருஷப் பயிற்சியிலேயே எனக்கு ஒன்று புரிந்தது. பேதியாகிற குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இன்னும் போகும் என்று எங்கள் தெருவே நம்பியது. தம்பி தண்ணீருக்கு அழுதது எனக்கு நினைவிருக்கிறது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் உயிர் காக்கும் என்று 1971-இல் வங்கதேச அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஆயிரக்கணக்கானவர்களிடம் காட்டினார். தம்பிக்கு ஐந்து வருஷம் தாமதம். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பசுவின் மேல் இருக்கிற பழி பசுவின் மேலேயே இருக்கட்டும், அம்மா மேல் வர வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பசுவுக்கும் ஒரு சொந்தக்காரி உண்டு என்பதை அப்போது யோசிக்கவில்லை.

சின்னப் பிள்ளைகளின் பேதிக்கு ஒரு காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. புழு அல்ல, ஒரே ஓர் உயிரணு. ஒரு மில்லிமீட்டரில் இருநூறு நிற்கும். 1907-இல் ஹார்வர்டில் டைசர் என்பவர் எலியின் வயிற்றில் கண்டுபிடித்தார். மனிதரிடம் இருக்கிறது என்று தெரிந்தது 1976-இல். குளோரினுக்கு அசையாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குழாய்த் தண்ணீர் வழியாக ஏறக்குறைய நாலு லட்சம் பேரைப் படுக்க வைத்தது. எங்கள் ஊர்ப் பொதுக்கிணற்றில் வாளி வாளியாகப் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினோமே, அதைப் பார்த்து இது சிரித்திருக்கும். கொதிக்க வைத்தால்தான் சாகும்.

உப்புத் தண்ணீரிலும் அயோடினிலும் இது கண்ணில் படாது. தெரிய வேண்டுமென்றால் காசநோய்ச் சளிக்குப் போடுகிற அதே சிவப்புச் சாயத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட வேண்டும். அந்தச் சாயப் புட்டி என் மேஜையின் இடது பக்கம் முப்பத்தைந்து வருஷம் இருந்தது. மலத் தகட்டுக்கு அதைப் போடு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "முட்டை, சிஸ்ட் இல்லை."

இதன் ரகசியத்தை நம் நாட்டில் நுணுக்கமாகத் தோண்டியவர்கள் வேலூர்க்காரர்கள். டாக்டர் ககன்தீப் காங் தலைமையில் சி.எம்.சி.யில் ஒரு குழு. லண்டன் ராயல் சொசைட்டி 2019-இல் உறுப்பினராக்கிக்கொண்ட முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி இவர். சித்தாரா அஜ்ஜம்பூர் போன்றவர்கள் அந்தக் குழுவில். ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா: பீடி சுற்றிப் பிழைக்கிற நெருக்கமான தெருக்கள். அங்கே 2002 முதல் பிறந்த 452 குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து பதிவு செய்துகொண்டு, மூன்று வயது வரை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். பேதி வந்தாலும் மாதிரி, வராவிட்டாலும் மாதிரி. இதற்கு எத்தனை பொறுமை வேண்டும் என்று மலக்குப்பியோடு மல்லாடியவனுக்குத்தான் தெரியும். பின்னால் இன்னொரு தொகுதிக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2017-இல் சொன்ன செய்தி இன்னும் திகைக்க வைத்தது. மூன்று வயது வரை இருந்த 410 குழந்தைகளில் 397 பேரை இது தொட்டிருக்கிறது. பெரும்பாலும் பேதி கூட இல்லாமல், சத்தமில்லாமல்.

இந்த ஒட்டுண்ணியில் பல இனம் உண்டு. பார்வம் என்பது கன்றுக்குட்டிகளுக்கு, அதிலும் பிறந்து சில வாரமே ஆன கன்றுகளுக்குக் கழிச்சலைக் கொடுப்பது. மனிதருக்கும் வரும். ஹோமினிஸ் என்பது மனிதரிடமிருந்து மனிதருக்கு. இரண்டும் பார்க்க ஒன்றே. 2002 வரை அதற்குத் தனிப் பேர் கூடக் கிடையாது. வேலூர்க் குழந்தைகளின் மாதிரிகளில் மரபணுத் தழும்பைப் படித்தபோது பெரும்பாலானவை ஹோமினிஸ். பார்வம் கொஞ்சம். பூனையிடம் காணப்படும் இனம் கூட ஒன்றிரண்டு. ஹோமினிஸுக்குள்ளேயே பல கிளைகள், ஒரே பேட்டையில் ஒரே சமயத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு கிளை வந்து போன குழந்தைக்கு மறுபடியும் தொற்று வருவதையும் பார்த்தார்கள்.

அந்தக் குழு இன்னொன்றும் செய்தது. 170-க்கும் மேற்பட்ட குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் பாட்டில் தண்ணீர் குடிப்பவர்கள், மீதிப் பேர் நகராட்சித் தண்ணீர். இரண்டு வருஷம் பார்த்தார்கள். முடிவு 2013-இல் வந்தது. இரண்டு பக்கமும் வித்தியாசமில்லை, மூன்றில் இரண்டு குழந்தைக்குத் தொற்று. வருகிற வழி தண்ணீர் மட்டுமல்ல. கைகள், வாசல், இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிற அண்ணன் அக்கா.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தம்பிக்கு ஆரம்பிக்கிறதற்கு முந்தின வாரம் எனக்குப் பேதி. இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மணிமுத்தாற்று மணலுக்குப் போய்விட்டு வந்து, ஊற்றுத் தண்ணீரில் கையை நனைத்துவிட்டு, தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பொட்டுக்கடலையை மென்று ஊட்டினேன். எனக்கு விட்டுப்போனது. அவனுக்கு ஆரம்பித்தது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். தம்பிக்கு வந்தது கிரிப்டோஸ்போரிடியமா என்பதற்கு எந்தத் தகடும் இல்லை. ரோட்டா வைரஸாக இருக்கலாம், அதுதான் அந்த வயதில் முதல் எதிரி. காலராவாக இருக்கலாம். அம்மாவின் சந்தேகமும் அறிவில்லாத சந்தேகம் அல்ல. கழிகிற கன்றிலிருந்து குழந்தைக்குப் பார்வம் வர வழியுண்டு. ஆனால் அம்மா பாலைப் பொங்கக் காய்ச்சித்தான் கொடுத்தாள், அதை அவளே நூறு முறை சொல்லியிருக்கிறாள். காய்ச்சின பாலில் அது பிழைத்திருக்காது. அச்சு எண்ணைப் பார்க்காமலே ஒரு பொம்மையை ஒரு சூளையின் தலையில் கட்டிவிட்டோம்.

போன மாசி மகத்துக்கு ஆற்றங்கரையில் பால்காரப் பெரியம்மாவின் மகளைப் பார்த்தேன். என்னைவிட நாலு வயது மூத்தவர், இப்போது மகன் வீட்டில் நெய்வேலியில் இருக்கிறார். பெரியம்மா போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கூட்டம் குறைந்ததும் பழமலைநாதர் கோயில் மதில் நிழலில் உட்கார்ந்தோம். அவரே கேட்டார்: "ஏன் தம்பி, உங்கம்மா கடைசி வரைக்கும் எங்க வாசல மிதிக்கல?"

எனக்குத் தெரிந்த விதத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வேலூர், மரபணு, ஹோமினிஸ், தண்ணீர் கொடுக்காதது, எனக்கு முந்தின வாரம் வந்த பேதி, நான் ஊட்டினது. பாதி புரிந்திருக்கும். முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"குழந்தய எடுத்துட்டுப் போன அன்னிக்கே அம்மா அந்த மாட்டக் கன்னோட வித்துட்டுது. வந்த வெலைக்கு. அதுக்கப்புறம் எங்க வீட்டுல மாடே கட்டல தம்பி."